ஸ்கைரிம் வீடியோ கேமில் ஓநாய் மனிதனான கேரக்டரை எப்படிக் குணப்படுத்துவது?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பழைய வயிற்றெரிச்சல் திரும்ப வந்துவிட்டது. கம்பேனியன்ஸ் என்ற போர்வீரர் கூட்டத்தில் சேர்ந்து, அதிலிருக்கும் ஏலாவின் ஓநாய் இரத்தத்தை யோசிக்காமல் குடித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். குறை சொல்லவில்லை, குடிக்காவிட்டால் கம்பேனியன்ஸ் கதை அந்த இடத்தைத் தாண்டாது.

வழி இதுதான். கூட்டத்தின் தலைவர் கோட்லக் அனுப்பும்போது கிளென்மோரில் குகைக்குப் போய் சூனியக்காரியின் தலையை வெட்டி எடுத்துவர வேண்டும். கதை இஸ்கிராமோர் கல்லறை வரை போகும். அங்கே எரியும் நெருப்பில் முதலில் கோட்லக்குக்காக ஒரு தலை, அப்புறம் உங்களுக்காக ஒன்று. போட்டதும் உங்களுக்குள் இருந்த ஓநாய் ஆவியாக வெளியே பாயும். அதையும் வெட்டிச் சாய்த்தால் தீர்ந்தது.

குகையில் மொத்தம் ஐந்து சூனியக்காரிகள். ஒருத்தி தலை போதும், மற்றவர்களைக் கொல்வது உங்கள் இஷ்டம் என்றுதான் குவெஸ்டில் வரும். நம்பாதீர்கள், ஐந்தையும் எடுங்கள். கூட்டத்தில் இருக்கும் ஓநாய் சகோதரர்கள் ஃபார்காஸும் வில்காஸும் பின்னால் வந்து தங்களுக்கும் ஆளுக்கொன்று கேட்பார்கள்.

நான் ஒன்றோடு திரும்பியவன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடு, பாலக்காடு மாவட்டம். கோயம்புத்தூரில் பழசாக வாங்கிய கேம் பெட்டியை ஹால் டிவியில் மாட்டி ராத்திரியில் விளையாடுவேன். அமுச்சி (அம்மாவின் அம்மா) கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். என் ஆள் முதல்முறை உருமாறி எலும்பு முறுக்கிக்கொண்டு மயிர் முளைத்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இது ஒடியன்டா கண்ணு. கால் ஏதாச்சும் குறையுதான்னு பாரு." அவர் கேட்டு வளர்ந்த கதைகளில் ஒடியன் மாடாகவோ நாயாகவோ மாறினால் உடம்பில் ஏதாவது ஒன்று குறைந்திருக்குமாம். நான் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அவருக்கு ஏமாற்றம்தான். இந்தச் சனியனை வீட்டுக்குள் வைத்திருக்காதே என்று தினமும் சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்காக மட்டும் குணப்படுத்தக் கிளம்பினேன் என்று சொன்னால் பொய். விளையாட்டில் கல்யாணம் முடித்திருந்தேன். துணையோடு ஒரே வீட்டில் தூங்கி எழுந்தால் திறமைகள் எட்டு மணி நேரத்துக்கு 15 சதவீதம் வேகமாக வளரும். ஓநாய்க்கு அது கிடையாது, எத்தனை தூங்கினாலும் பைசா பிரயோஜனம் இல்லை. கட்டிய பாவத்துக்கு இதுகூட வேண்டாமா?

கல்லறையில் கோட்லக்கின் காரியம் முடிந்தது. என்னைத் தலைவனாக்கிவிட்டுப் போனார். நெருப்பு முன்னால் வெறுங்கையோடு நிற்கிறேன். கல்லறை இருப்பது வடக்குக் கடலோரம், குகை தென்மேற்கு மூலையில். நினைத்த இடத்துக்கு நொடியில் தாவும் ஃபாஸ்ட் டிராவல் எதற்கு இருக்கிறது என்பீர்கள். நடந்தே விளையாடுவேன் என்று நண்பர்களிடம் சவால் விட்டிருந்தேன். கமாண்ட் அடித்தால் ஒரு நிமிஷ வேலை என்று கம்ப்யூட்டர்காரர்கள் வருவார்கள். அது உங்கள் கம்ப்யூட்டரில் சாமி, என் பெட்டியில் அந்த வசதி இல்லை. டான்கார்ட் என்ற கூடுதல் பாகத்தை வாங்கி வாம்பயர் ஆகிவிட்டாலும் ஓநாய் போய்விடும், தெரியும். பேயை ஓட்டப் பிசாசைக் கூப்பிடுவானேன்?

ஒன்றை விட்டுவிட்டு மறுபடி போவது எனக்கு ராசி. ரேஷன் கார்டில் அப்பா பெயரைத் திருத்தத் தமிழில் மனு எழுதிக்கொண்டு போனேன். மலையாளத்தில் எழுதி வா என்று திருப்பிவிட்டார்கள். எங்கள் பகுதியில் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-லேயே சட்டம் இருக்கிறது. இதைச் சொன்னதற்கு இன்னும் இரண்டு நடை கூடியதுதான் மிச்சம். தமிழன் என்பதால் இந்தப் பக்கம் எங்களுக்குப் பாண்டி என்று பெயர், கோயம்புத்தூர் போனால் மலையாளி. சரி, அதை விடுங்கள்.

நடந்தேன். பாதி வழியில் தென்னை மட்டை லைனில் விழுந்து கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து நடந்தேன். நாலு தலையோடு திரும்பி வந்து ஒன்றை நெருப்பில் போட்டு, ஆவியை அடித்து முடித்தபோது விடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. அமுச்சி முழித்துத்தான் இருந்தார். "போயிருச்சா?" என்றார். போயிருச்சு என்றேன்.

ஓநாயாக இருக்கும்வரை எந்த நோயும் ஒட்டாது என்பது அப்போது எனக்கு ஞாபகமில்லை. கல்லறையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போவதற்குள் சாதாரணக் காட்டு ஓநாய் ஒன்று காலைக் கடித்து, மூட்டு நோய் வந்துவிட்டது.