தாஜ்மஹாலுக்குக் குடும்பத்தோடு ஒரு நாள்: டிக்கெட் முதல் பளிங்குக் கடை வரை

பள்ளி விடுமுறை நெருங்க நெருங்க டெல்லி, ஆக்ரா பயணம் பற்றிய கேள்விகள் கூடிவிடுகின்றன. இந்த முறை தாஜ்மஹால் தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டெல்லியில் மகள் வீட்டிலிருந்து ஒரு நாள் ஆக்ரா போய்வரத் திட்டம். நாங்கள் பெரியவர்கள் நான்கு பேர், 12 வயதுப் பேரன். கூடவே யாழ்ப்பாணத்திலிருந்து என் சித்தி, மலேசியாவிலிருந்து மைத்துனர் குடும்பம். எல்லாருக்கும் ஒரே டிக்கெட்தானா? உள்ளே போக 200 ரூபாய் தனியாமே, அது தேவையா? (வாசகி, திருச்சி)

பதில்: ஒரே விலை இல்லை. யார் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை வைத்துத்தான் கட்டணம். இந்தியர்களுக்கு 50 ரூபாய். இலங்கை சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாடு என்பதால் உங்கள் சித்திக்கு 540 ரூபாய். பாஸ்போர்ட்டைக் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள். மலேசியா அந்தப் பட்டியலில் வராது, எனவே மைத்துனர் குடும்பத்தில் ஆளுக்கு 1,100 ரூபாய். ஆனால் அவர்களிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நினைவுச் சின்னங்களின் நுழைவுக் கட்டணத்தில் ஓசிஐ அட்டைதாரர்களுக்கும் இந்தியர்களுக்கும் ஒரே கட்டணம் என்று மத்திய அரசு 2021 மார்ச்சில் அறிவித்திருக்கிறது. அசல் அட்டை கையில் இருக்கட்டும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, எந்த நாடாக இருந்தாலும், கட்டணம் கிடையாது. பேரனுக்கு என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்த 200 ரூபாய், பளிங்கு மேடையில் ஏறி நடுக் கல்லறைக் கட்டடத்துக்குள் போவதற்கு. 2018 டிசம்பரிலிருந்து இருக்கிறது. உள்ளே நாம் பார்ப்பது அலங்காரக் கல்லறைகளைத்தான். உண்மையான கல்லறைகள் அதற்கு நேர் கீழே, கீழ்த்தளத்தில் இருக்கின்றன. முதல் தடவை போகிறவர்கள் கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பளிங்கில் பூ வேலையைக் கல் பதித்துச் செய்திருக்கும் நேர்த்தி, தோட்டத்தில் நின்று பார்த்தால் பிடிபடாது. முழங்கால் வலிக்காரர்களும் வரிசையில் நிற்கப் பொறுமை இல்லாதவர்களும் வெறும் 50 ரூபாய் டிக்கெட்டோடு தோட்டத்தில் உட்காரட்டும். எல்லாரும் ஒரே மாதிரி வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

டிக்கெட்டை தாஜ்மஹாலின் அதிகாரபூர்வ இணையதளம் வழியாகவே வாங்குங்கள். தேடினால் மேலே வந்து நிற்பவை பல நேரம் ஏஜென்ட்களின் பக்கங்கள். 'சேவைக் கட்டணம்' என்று சேர்த்துப் போடுவார்கள். உள்ளே நுழைந்ததிலிருந்து 3 மணி நேரம்தான் டிக்கெட் செல்லும், அதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: இந்தப் பயணத்துக்காகவே 60,000 ரூபாயில் ஒரு கேமராவும் முக்காலியும் வாங்கலாம் என்று மகன் சொல்கிறான். டிரோன் ஆசையும் இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: டிரோனை மறந்துவிடுங்கள். அங்கே பறக்கவிடத் தடை. போலீஸ் வழக்கு வரை போகும். முக்காலியையும் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். சாதாரண கேமராவுக்கும் போனுக்கும் கட்டணம் இல்லை. வீடியோ கேமராவுக்கு 25 ரூபாய், அதுவும் பிரதான வாசலின் சிவப்பு மணற்கல் மேடை வரைதான். கல்லறைக்குள் எந்தப் படமும் எடுக்கக் கூடாது. தின்பண்டம், சிகரெட், லைட்டர், கத்தி எதையும் பையில் வைக்காதீர்கள். பெரிய பை கொண்டுபோனால் பாதுகாப்பு அறையில் வைத்துவிட்டு வர அரை மணி போய்விடும்.

ஆக, 60,000 ரூபாயில் பாதிக்கு அங்கே வேலையே இல்லை. மகனுக்கு உண்மையிலேயே படம் எடுப்பதில் நாட்டம் இருந்தால் கேமரா வாங்கிக் கொடுங்கள், ஆனால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே. ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் பெட்டியைப் பிரித்துக் கொண்டுபோனால், பாதி நேரம் பட்டனைத் தேடுவதிலேயே போகும்.

இருக்கிற போனிலேயே நல்ல படம் கிடைக்கும். அந்தக் கட்டடத்தின் முகம் தெற்குப் பார்த்தது. நாம் வடக்கு நோக்கி நின்று எடுக்கிறோம். அதனால் சூரியன் காலையில் நம் வலப்பக்கம், மாலையில் இடப்பக்கம். கட்டடத்துக்குப் பின்னால் போய்க் கண்ணைக் கூசவைக்கும் தொல்லை அநேகமாக இல்லை. எல்லாரும் வாசலைத் தாண்டியதும் நின்று ஒரே படத்தை எடுப்பார்கள். கொஞ்சம் நடந்து, இடது பக்கம் உள்ள மசூதியின் வளைவுக்குள் நின்று பாருங்கள். வளைவே சட்டம் போட்ட மாதிரி அமையும், கூட்டமும் குறைவு. அகலக் கோண லென்ஸை வைத்துப் போனை மேலே சாய்த்தால் நான்கு மினார்களும் உள்ளே சரிந்து தெரியும். பின்னால் போய், போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் போனால் காலை மூடுபனியில் தாஜ்மஹாலே காணாமல் போய்விடும் நாட்களும் உண்டு. அந்த மாதங்களில் விடியற்காலை அவசரம் வேண்டாம்.

கேள்வி: உள்ளே புகைப்படக்காரர்கள் விடாமல் கூப்பிடுகிறார்களாமே? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: கூப்பிடுவார்கள். உரிமம் உள்ளவரா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதிக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை படம் என்பதை முதல் கிளிக்குக்கு முன்பே பேசி முடியுங்கள். 'எடுக்கிறேன், பிடித்ததை மட்டும் வாங்குங்கள்' என்பார். கடைசியில் நாற்பது படத்தை நீட்டும்போது குழந்தை முகத்தைப் பார்த்து யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வராது. ஐந்து போதும் என்றால் ஐந்துதான்.

கேள்வி: டெல்லியில் ஒரு டிராவல்ஸில் ஆக்ரா ஒருநாள் சுற்றுலா பதிவு செய்தோம். வெள்ளிக்கிழமை அழைத்துப் போனார்கள். தாஜ்மஹால் மூடியிருந்தது! கோட்டையை மட்டும் காட்டிவிட்டு, 'அது அரசு விடுமுறை, நாங்கள் என்ன செய்வது' என்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: தாஜ்மஹாலுக்கு வாரா வாரம் வெள்ளிக்கிழமை விடுமுறை. இது திடீரென்று வந்த தடங்கல் அல்ல. சுற்றுலா நடத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. விளம்பரத்திலோ ரசீதிலோ தாஜ்மஹால் என்று இருந்தால் இது தெளிவான சேவைக் குறைபாடு. பஸ்ஸும் சாப்பாடும் கொடுத்ததால் முழுப் பணமும் திரும்ப வருவது கடினம். ஒரு பகுதியும் இழப்பீடும் கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி. போனில் மட்டும் பேசியதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வேறு வழியின்றி வெள்ளிக்கிழமையே போகிறவர்களுக்கு: ஆக்ரா கோட்டை திறந்திருக்கும். யமுனைக்கு அக்கரையில் மெஹ்தாப் பாக் தோட்டத்திலிருந்து தாஜ்மஹாலின் பின்பக்கத்தை நன்றாகப் பார்க்கலாம். அங்கே தெற்கு நோக்கி நிற்கிறோம் என்பதால் உச்சி வெயிலில் படம் இருண்டு போகும், சாயங்காலம் போங்கள்.

கேள்வி: டாக்ஸி டிரைவர் 'அரசு அங்காடி' என்று ஒரு பளிங்குக் கடைக்கு அழைத்துப் போனார். செல்போன் டார்ச் அடித்து, வெளிச்சம் ஊடுருவுகிறது பாருங்கள், தாஜ்மஹாலில் போட்ட அதே ராஜஸ்தான் மக்ரானா கல் என்றார்கள். 14,000 ரூபாய் கொடுத்து ஒரு வட்ட மேசைப் பலகை வாங்கினோம். பார்சலில் வந்தது வேறு பலகை, ஓரம் உடைந்திருக்கிறது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருக்கிறது. வழக்கு போடுவதானால் ஆக்ராவுக்குத்தான் வர வேண்டும் என்கிறார்கள். (வாசகர், கோவை)

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆக்ராவுக்குப் போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். உங்களுக்கு கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

பில்லில் அச்சடித்த அந்த வாசகம் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்றே சட்டம் சொல்கிறது. அனுப்பிவைக்கும் பொறுப்பையும் கடைக்காரரே ஏற்றிருக்கிறார், ஆகவே வழியில் உடைந்தது என்ற சாக்கும் எடுபடாது. உடைந்த ஓரம், பார்சல் பெட்டி, அதன் மேல் ஒட்டிய சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். கடையில் பலகையோடு நின்று எடுத்த குடும்பப் படம் ஏதாவது இருந்தால் அதுதான் மிகப் பெரிய சாட்சி. முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல கடைகள் இந்த இடத்திலேயே இறங்கிவருவது உண்டு. வராவிட்டால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியில் வழக்கு.

இனி அந்த டார்ச் வித்தை. மக்ரானா பளிங்கில் வெளிச்சம் ஊடுருவும் என்பது சரி. ஆனால் அலபாஸ்டர் என்ற மலிவான மென்கல்லிலும் ஊடுருவும். அதனால் டார்ச் அடித்துக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. நகத்தால் அடிப்பக்கம் அழுத்திக் கீறிப் பாருங்கள். அலபாஸ்டரிலும் மாக்கல்லிலும் கோடு விழும், பளிங்கில் விழாது. நம் வீட்டுக் கல்சட்டி மாக்கல்தான், அதைக் கீறிப் பார்த்துவிட்டுப் போனால் விரலுக்கே வித்தியாசம் தெரியும். கீறக் கூடாது என்று கடைக்காரர் தடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

டிரைவர் கூட்டிப்போகும் கடையில் அவருடைய கமிஷனும் விலைக்குள் இருக்கிறது. வண்டி பேசும்போதே 'கடை எதுவும் வேண்டாம்' என்று சொல்லிவிடுவது நல்லது. அதற்காக வாடகையில் நூறு இருநூறு கூடக் கேட்டாலும் லாபம்தான்.

கேள்வி: ஆக்ரா பேட்டா வாங்கி வரலாமா? ஊர் வந்து சேரும்வரை தாங்குமா? (வாசகி, சேலம்)

பதில்: வெண்பூசணியில் செய்யும் மிட்டாய் அது. பாகில் ஊறியதை வாங்காதீர்கள். பெட்டிக்குள் கசிந்து துணியெல்லாம் பிசுபிசுக்கும். உலர்ந்த ரகம் தாங்கும். ஒரே பெயரில் வரிசையாகக் கடைகள் இருக்கும் என்பதால் பெயரை நம்பிப் பயனில்லை. தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதிவைப்பது 2020 அக்டோபரிலிருந்து கட்டாயம். அந்தத் தேதி இல்லாத கடையில் ருசி பார்க்கக் கொடுக்கும் துண்டைக்கூட வாங்க வேண்டாம்.