தோல் உரிந்த டயப்பர் புண்: வீட்டில் ஆற்றுவது எப்படி?

கேள்வி: எங்கள் மகளுக்குப் பத்து மாதம். காதுத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்ததிலிருந்து வயிற்றுப்போக்கு. இப்போது போக்கு குறைந்துவிட்டது. ஆனால் பிட்டமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் செக்கச்செவேலென்று சிவந்து, இரண்டு இடங்களில் தோல் உரிந்து நீர் கசிகிறது. டயப்பரைக் கழற்றினாலே வீறிட்டு அழுகிறாள். ஒவ்வொரு முறையும் ஈரத் துடைப்பானால் சுத்தமாகத் துடைத்து, கிரீம் தடவி, மேலே பவுடரும் போடுகிறோம். உறவினர் ஒருவர் தன் படைக்கு வாங்கிய களிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்கிறார். இதை வீட்டிலேயே குணப்படுத்த முடியுமா? டயப்பரையே நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: முதல் வேலையாக, உறவினரின் களிம்பை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படைக்கென்று விற்கும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று டியூபின் மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெரியவர்களே கவனமாகப் பயன்படுத்த வேண்டிய மருந்துகள் இவை. குழந்தையின் தோல் மெல்லியது. அதன் மேல் டயப்பரும் இறுக மூடியிருப்பதால் மருந்து கூடுதலாக உள்ளே இறங்கும். இரண்டு நாளில் சிவப்பு வடிந்து, களிம்புக்கு நல்ல பெயரும் கிடைத்துவிடும். சிக்கலே அதில்தான். அடியில் பூஞ்சைத் தொற்று இருந்தால் அது மறைந்து பரவும், தோல் மெலியும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் குழந்தையின் உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஸ்டீராய்டின் அளவே பாதிக்கப்படலாம்.

வீட்டில் குணப்படுத்த முடியுமா என்றால், பெரும்பாலும் முடியும். காய்ச்சல் இல்லாமல், பால் குடித்து, வழக்கம்போல் சிறுநீர் கழித்து, டயப்பர் மாற்றாத நேரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை என்றால் இரண்டு, மூன்று நாட்கள் கீழே சொல்லும் முறையில் பார்க்கலாம். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

தோல் ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் மருத்துவத்தில் பாதி முடிந்துவிடும். ஈரத்தில் ஊறிய தோல் உராய்வைத் தாங்காது. சிறுநீரில் உள்ள யூரியாவை, மலத்தில் உள்ள பாக்டீரியாக்களின் நொதி அம்மோனியாவாக மாற்றுகிறது. இயல்பாகச் சற்று அமிலத்தன்மையோடு இருக்கும் தோல் அப்போது காரத்தன்மைக்கு மாறுகிறது. அந்தக் காரத்தன்மையில், மலத்தோடு வரும் செரிமான நொதிகள் விழித்துக்கொள்கின்றன. புரதத்தையும் கொழுப்பையும் கரைப்பதற்கென்றே குடலில் இருப்பவை அவை; தோலும் புரதமும் கொழுப்பும்தானே! வயிற்றுப்போக்கின்போது உணவு குடலை வேகமாகக் கடந்துவிடுவதால் இந்த நொதிகளும் பித்த உப்புகளும் அதிகமாகவே வெளியே வருகின்றன. உங்கள் மகளுக்கு ஆன்டிபயாடிக்கும் சேர்ந்திருக்கிறது. அது குடலில் காண்டிடா என்ற பூஞ்சை பெருகவும் வழிவிடும்.

ஆகவே எந்தக் கிரீம் என்பதைவிட, மலம் எவ்வளவு நேரம் தோலில் பட்டிருக்கிறது, எவ்வளவு அழுத்தித் துடைக்கிறோம் என்ற இரண்டும்தான் புண் ஆறுவதைத் தீர்மானிக்கின்றன. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய சொல் 'சுத்தமாக' என்பது. புண்ணான தோலை ஒவ்வொரு முறையும் பளிச்சென்று ஆகும்வரை துடைத்தால், ராத்திரி முழுக்க அங்கே வளர்ந்த புதுத் தோலையும் சேர்த்தே துடைத்துவிடுகிறோம்.

துடைப்பதற்குப் பதில் கழுவுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சும் மூடியுள்ள ஒரு பாட்டிலிலோ சிறு குவளையிலோ எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை ஒரு கையில் குப்புறத் தாங்கியோ, பேசினில் உட்கார வைத்தோ, நீர் முன்னிருந்து பின்னாக வழியும்படி மெதுவாக ஊற்றுங்கள். மலம் ஒட்டியிருந்தால் தேய்க்காமல், நனைத்த பஞ்சை அதன் மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். இளகித் தானே வரும். பிடிவாதமாக ஒட்டியிருப்பதற்கு மணமில்லாத பேபி ஆயில் இரண்டு சொட்டு போதும். சோப்பு ஒவ்வொரு முறையும் வேண்டாம். மலம் கழித்த பிறகு தேவைப்பட்டால், மணமில்லாத மென்மையான சோப்புக் கரைசலைத் துளி அளவு பயன்படுத்தலாம். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தொடை இடுக்கின் மடிப்புகளை விரித்து அங்கேயும் ஒற்றுங்கள். ஈரம் ஒளிந்திருப்பது அங்கேதான். சிறுநீர் மட்டும் கழித்திருந்தால் இவ்வளவும் தேவையில்லை. நீரை ஊற்றி ஒற்றினால் போதும்.

ஈரத் துடைப்பான்கள் அத்தனையும் கெட்டவை அல்ல. மணமும் ஆல்கஹாலும் இல்லாதவற்றை நல்ல தோலில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் உரிந்த தோலில் அவை எரியும். சிலவற்றில் கெடாமல் இருக்கச் சேர்க்கப்படும் மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பொருள் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். புண் ஆறும்வரை வெறும் நீர்தான்.

ஒற்றியெடுத்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் காற்றாட விடுங்கள். நீர் உறிஞ்சும் விரிப்பின் மேல் குப்புறப் படுக்கவைத்து, பக்கத்தில் ஒரு பொம்மையைப் போட்டுவிட்டால் போதும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை இப்படிச் செய்ய முடிந்தால் நல்லது. ஈரம் காயட்டும் என்று முடி உலர்த்தும் கருவியைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடுபட்டுவிடும், கூடாது.

இனி பூச்சு. இந்த அளவுக்குப் புண்ணான தோலுக்கு, லேசாகத் தடவி உள்ளே மறைந்துபோகும் கிரீம் எதற்கும் உதவாது. ஜிங்க் ஆக்சைடு அதிகம் உள்ள, கெட்டியான பேஸ்ட் வேண்டும். கடைகளில் 10 முதல் 40 சதவீதம் வரை கிடைக்கிறது. உங்கள் மகளுக்கு 40 சதவீதத்தை ஒட்டியதையே வாங்குங்கள். அடியில் உள்ள தோலின் நிறம் தெரியாத அளவுக்கு, சுவருக்குச் சிமென்ட் பூசுகிற கனத்தில் போட வேண்டும். தேய்த்து ஊறவைக்கக் கூடாது, மேலே படிய வைத்தால் போதும். அதற்கு மேல் பெட்ரோலியம் ஜெல்லியை ஒரு படலம் தடவினால் பேஸ்ட் டயப்பரில் ஒட்டிக்கொண்டு வராது. டப்பாவில் வரும் பேஸ்ட் என்றால் குழந்தையின் மேல் பட்ட விரலை மறுபடி டப்பாவுக்குள் விடாதீர்கள். வேண்டிய அளவை முன்பே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை டயப்பரைக் கழற்றும்போது அந்தப் பேஸ்ட் முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும். பெற்றோர் பலரும் சறுக்கும் இடம் இது. அழுக்குப் பட்ட மேல் அடுக்கை மட்டும் நீக்குங்கள். அடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது இருக்கட்டும், அதன் மேலேயே புதிதாகப் போடுங்கள். நாளுக்கு ஒரு முறை குளிப்பாட்டும்போது பேபி ஆயிலில் நனைத்த பஞ்சால் பழையதை இளக்கி எடுத்துப் புண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும். குளியலும் வெதுவெதுப்பான நீரில், சோப்பில்லாமல், ஐந்து முதல் பத்து நிமிடம். இடுப்பளவு நீரில் உட்காரும்போது எரிச்சல் அடங்குவதை அவள் முகத்திலேயே பார்ப்பீர்கள்.

பவுடரை இன்றே நிறுத்துங்கள். ஈரத்தில் கட்டிக்கொண்டு மடிப்புகளில் மணல்போல் உரசும். அதைவிட முக்கியம், தட்டும்போது பறக்கும் தூள் குழந்தையின் நுரையீரலுக்குள் போகும். டால்க்கம் பவுடருக்கு மட்டுமல்ல, சோள மாவுக்கும் இது பொருந்தும். போரிக் அமிலம் கலந்தவையும் கற்பூரம் கலந்தவையும் குழந்தைகளுக்கு நஞ்சு. சமையல் சோடாவைக் குளியல் நீரில் கலப்பதும் வேண்டாம். உரிந்த தோல் வழியாக உள்ளே போய் உடலின் உப்புச் சமநிலையைக் குலைக்கும். கிருமிநாசினித் திரவங்கள், மரத்துப்போகச் செய்யும் ஜெல்கள் எதுவும் கிட்டே வரக் கூடாது. தாய்ப்பாலைத் தடவலாமா என்றும் சிலர் கேட்பார்கள். லேசான சிவப்புக்கு அதனால் கெடுதல் இல்லை. நீர் கசியும் புண்ணுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

டயப்பரை நிறுத்த வேண்டியதில்லை. நன்கு உறிஞ்சும் நவீன டயப்பர், நனைந்த துணியைவிடத் தோலை உலர்வாகவே வைத்திருக்கும். நிறைந்து கனக்கும்வரை விட்டுவைப்பதுதான் தவறு. மலம் கழித்தால் அந்த நிமிடமே மாற்றுங்கள். மற்றபடி பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, புண் ஆறும்வரை இரவில் ஒரு முறையாவது. ஈரத்தைக் காட்டும் கோடு நிறம் மாறவில்லையே என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கோடு சிறுநீரின் ஈரத்தைத்தான் காட்டும், சிறிதளவு கழிந்த மலத்தைக் காட்டாது. இந்த நாட்களுக்கு ஒரு அளவு பெரிய டயப்பரைத் தளர்வாகக் கட்டினால் உராய்வு குறையும். துணி டயப்பர் என்றால் சோப்பு முழுவதும் போக இன்னொரு முறை அலசுங்கள், துணியை மிருதுவாக்கும் திரவங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இனி ஒரு காரியம். நல்ல வெளிச்சத்தில் தொடை இடுக்கின் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். ஈரத்தாலும் உராய்வாலும் வரும் புண், டயப்பர் அழுத்தும் மேட்டுப் பகுதிகளில் இருக்கும். மடிப்பின் உட்பகுதி பெரும்பாலும் தப்பித்திருக்கும். மடிப்புக்குள்ளேயே அடர் சிவப்பாக இருந்து, அதன் எல்லையைத் தாண்டிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகளோ சீழ்ப் பொட்டுகளோ சிதறியிருந்தால் காண்டிடா என்று சந்தேகிக்க வேண்டும். வாயையும் திறந்து பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் சந்தேகம் வலுக்கும். கருத்த நிறமுள்ள குழந்தைகளுக்குச் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருமையாகவோ ஊதா சாயலிலோ தெரியும், தொட்டால் சுடும், தோல் சற்றுத் தடித்திருக்கும்.

காண்டிடா என்றால் பேஸ்ட் மட்டும் போதாது. நிஸ்டாட்டின், குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற பூஞ்சை மருந்தில் ஒன்றை, வேறு எதுவும் கலக்காததாக, மருத்துவர் எழுதித் தர வேண்டும். அதை மெல்லியதாகத் தடவிச் சில நிமிடம் விட்டு, அதன் மேல் பேஸ்ட்டைப் போடுங்கள். வரிசை மாறினால் மருந்து தோலை எட்டாது. சிவப்பு மறைந்ததும் நிறுத்தாமல் அவர் சொன்ன நாள்வரை தொடருங்கள். வீக்கம் மிக அதிகமாக இருந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டைச் சில நாட்களுக்கு மருத்துவரே கொடுக்கலாம். அளவோடு, அவர் கண்காணிப்பில் என்றால் அதற்குப் பயப்பட வேண்டாம்.

வலிக்கு, எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு நாள் குளிப்பாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுத்தால் உங்கள் இருவருக்குமே சற்று எளிதாக இருக்கும். ஆன்டிபயாடிக் இன்னும் முடியவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் வயிற்றுப்போக்கைச் சொல்லுங்கள். பழச்சாறு கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். ஒரு வயதுக்குள் அது தேவையே இல்லை, போக்கையும் கூட்டும்.

சில அறிகுறிகள் தெரிந்தால் மூன்று நாள் கணக்கைப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்: காய்ச்சல், நீர்க் கொப்புளங்கள், சீழ், தேன் நிறப் பொருக்கு, ரத்தக் கசிவு, டயப்பர் பகுதியைத் தாண்டி வயிற்றுக்கோ தொடைக்கோ பரவும் சிவப்பு. ஆசனவாயைச் சுற்றி மட்டும் கோடு போட்டாற்போல் கடும் சிவப்பாக இருந்து, மலம் கழிக்கும்போது துடித்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்றாக இருக்கலாம். அதற்கு வாய்வழி மருந்து தேவைப்படும். சிறுநீர் குறைந்து, வாய் உலர்ந்து, குழந்தை சோர்ந்து கிடந்தால் புண்ணைவிட நீரிழப்புதான் அவசரம். வாயைச் சுற்றியும் கை விரல்களிலும் இதே மாதிரிப் புண் இருந்து, முடியும் கொட்டினால் துத்தநாகக் குறைபாடா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அரிதுதான், ஆனால் தவறவிடக் கூடாத ஒன்று. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வீட்டு வைத்தியமே கூடாது, உடனே மருத்துவமனைதான்.

சரியாகப் போகிறது என்றால், இரண்டாம் நாள் நீர்க் கசிவு நிற்கும். மூன்றாம் நாள் டயப்பரைக் கழற்றும்போது அழுகை குறையும். சிவப்பு முழுதாகப் போக ஒரு வாரம் ஆகலாம். ஆறிய இடம் சில வாரங்களுக்கு வெளிறியோ கருத்தோ தெரியும். அதற்கென்று எதையும் தடவ வேண்டாம், தானே மறையும். பேஸ்ட்டை மெல்லிய படலமாக இன்னும் ஒரு வாரம் தொடருங்கள். இனி எப்போதாவது அவளுக்கு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டால், தோல் நன்றாக இருக்கும்போதே, முதல் வேளை மருந்து கொடுக்கும் அன்றே பேஸ்ட்டையும் தடவ ஆரம்பித்துவிடுங்கள்.