கைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பீடி சுற்றும் பெண்களைப் பற்றி எங்கள் ஊர்க் குழு பாளையங்கோட்டையில் நடத்திய நாடகத்துக்கு நீங்கள் எழுதிய விமர்சனத்தைப் படித்தேன். பகலில் வேலைக்குப் போய், இரவில் ஒத்திகை பார்த்து, கைக்காசைப் போட்டு நடத்துகிறார்கள். எல்லோரும் பாராட்டியிருக்க, பின்பாதி மேடைப் பேச்சாகிவிட்டது என்று நீங்கள் மட்டும் எழுதலாமா? சென்னைக் குழுக்களின் அளவுகோல் இங்கே பொருந்துமா?

ஒரு வாசகர், மேலப்பாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். வசனம் தெளிவாகக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன்; மின்விசிறிகளின் இரைச்சலை நடிகர்களின் குரல்மேல் ஏற்றியது தவறு.

அளவுகோலைப் பொறுத்தவரை, அந்தக் குழு யாரிடமும் சலுகை கேட்கவில்லை. நாமாக ஏன் கொடுக்க வேண்டும்?

பாராட்டி வந்த கட்டுரைகளையும் தேடிப் படித்தேன். குறைந்த கூலி, கடன், படிப்பை நிறுத்தும் பெண்பிள்ளைகள் என்று நாடகம் எடுத்துக்கொண்ட பிரச்சினைகளைத்தான் அவை பாராட்டுகின்றன. துண்டறிக்கையை வைத்துக்கொண்டே அவ்வளவையும் எழுதிவிடலாம். முதல் காட்சியில் அந்தத் தாய் மடியில் முறத்தை வைத்து, மகளிடம் கடன் கணக்கைச் சொல்லிக்கொண்டே, ஒருமுறைகூடக் குனிந்து பாராமல் இலையில் தூளை வைத்துச் சுருட்டி நூலைக் கட்டிக்கொண்டிருந்ததையும், ‘நாளையிலிருந்து பள்ளிக்கூடம் போகலை’ என்று மகள் சொன்ன கணத்தில் அந்தக் கைகள் மட்டும் நின்றுபோனதையும் ஒருவர்கூடக் குறிப்பிடவில்லை. என்னைக் கேட்டால் நாடகமே அதுதான். அந்த அமைதி சொல்லி முடித்ததைப் பின்பாதியில் ஒருவர் வந்து கால்மணி நேரம் விளக்கியதையே நான் குறையாக எழுதினேன்.

நாடகத்தை ஏடாகவே வைத்துப் பேசுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் வாழ்த்துப்பா நம் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம், அதன் ஆசிரியர் பெயரில் இங்கே பல்கலைக்கழகமும் இருக்கிறது, ஆனால் அந்த நாடகத்தை மேடையில் பார்த்தேன் என்று சொல்லும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அன்றைய திருநெல்வேலிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் அச்சில் கிடைக்கின்றன. அவர் சிறுவர்களை எப்படிப் பழக்கினார் என்பதை அறிய, 1918இல் ஆறு வயதில் அவருடைய நாடக சபையில் சேர்ந்த தி.க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யைத்தான் நான் புரட்டுகிறேன். அதுவும் ஒரு நடிகரின் நினைவே, பார்வையாளர் எழுதி வைத்த குறிப்பு அன்று. உங்கள் குழுவின் நாடகத்துக்கும் அதே கதி நேரலாம். இருபது வருடம் கழித்து அந்தக் கட்டுரைகளைப் படிப்பவருக்கு, நல்ல கருத்துள்ள ஒரு நாடகம் நடந்தது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

பெண்கள் பீடி சுற்றும் முக்கூடல் பக்கத்துத் திண்ணைகளைப் பார்த்திராத வெளியூர் விமர்சகருக்கு அந்தக் கைகளின் வேகம் சரிதானா என்று தெரிய வழியில்லை. நமக்குத் தெரியும் என்று நினைத்து நானும் எழுதிவிட்டேன். அடுத்த முறை நடத்தும்போது நான் மறுபடியும் வருகிறேன். உங்கள் தெருவில் பீடி சுற்றுகிற அக்கா யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், என் கணிப்பு சரிதானா என்று அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.