லினக்ஸ் கெர்னல் கேள்வி பதில்: பட்டியலில் இருக்கும் ஆப்ஜெக்டை எப்போது விடுவிக்கலாம்?

கேள்வி: கேரெஃப் (ஒரு ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும் கெர்னல் கவுன்டர்) எண்ணிக்கை 0 ஆனதும் ரிலீஸ் ஃபங்ஷனில் மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் பூட்டு) எடுத்து, லிஸ்ட்_டெல் செய்து (பட்டியலிலிருந்து கழற்றி), கேஃப்ரீ அழைக்கிறேன் (நினைவகத்தை விடுவிக்கிறேன்). தேடும் பக்கமும் அதே மியூடெக்ஸைத்தான் பிடிக்கிறது. ஆனாலும் கேசன் (நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கெர்னல் கருவி) யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ, அதாவது விடுவித்த நினைவகத்தைத் தொட்டதாக, என்கிறது. ஏன்?

பதில்: எண்ணிக்கை 0 ஆன கணத்துக்கும் மியூடெக்ஸ் கைக்கு வரும் கணத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அதற்குள் இன்னொரு சிபியு மியூடெக்ஸைப் பிடித்துத் தேடினால், செத்துப்போன ஆப்ஜெக்ட் பட்டியலில் இன்னும் அகப்படும். அந்த சிபியு கேரெஃப்_கெட் செய்து (எண்ணிக்கையை ஒன்று கூட்டி) எடுத்துக்கொள்ளும். அடுத்து நீங்கள் கேஃப்ரீ செய்துவிடுவீர்கள். டிமெசேஜில் (கெர்னல் பதிவில்) 'அடிஷன் ஆன் 0' எச்சரிக்கை வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான்.

கேரெஃப்_புட்_மியூடெக்ஸ் பயன்படுத்துங்கள். கடைசிக் குறைப்பு மியூடெக்ஸுக்குள்ளேயே நடக்கும். ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றியபடியே காத்திருக்கும் பூட்டு) என்றால் கேரெஃப்_புட்_லாக். இரண்டிலும் ரிலீஸ் ஃபங்ஷன் பூட்டு பிடித்த நிலையில்தான் அழைக்கப்படும். லிஸ்ட்_டெல், அன்லாக், கேஃப்ரீ என்ற வரிசையில் நீங்களே திறந்துவிட வேண்டும். புட் (எண்ணிக்கையைக் குறைக்கும்) பக்கத்தைத் தொட முடியாவிட்டால், தேடும் இடத்தில் கேரெஃப்_கெட்_அன்லெஸ்_ஜீரோ (எண்ணிக்கை 0 இல்லாவிட்டால் மட்டும் கூட்டுவது) போட்டு, அது தோற்றால் 'கிடைக்கவில்லை' என்றே திரும்புங்கள்.

கேள்வி: பட்டியலே ஒரு ரெஃபரன்ஸ் வைத்துக்கொண்டால்?

பதில்: வெளிப்படையான 'நீக்கு' கட்டளை இருக்கும் இடங்களில் நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். பட்டியலில் இருக்கும்வரை எண்ணிக்கை 0-ஐத் தொடாது. இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் நீக்க வந்தால் மட்டும் கவனம்: பூட்டுக்குள் லிஸ்ட்_எம்ப்டி (உறுப்பு ஏற்கெனவே கழற்றப்பட்டதா) பார்த்து, லிஸ்ட்_டெல்_இனிட் (கழற்றி, உறுப்பைத் தன்னையே காட்ட வைப்பது) செய்தவர் மட்டுமே பட்டியலின் ரெஃபரன்ஸை விட வேண்டும். இருவரும் விட்டால் வேறு யாரோ பிடித்திருக்கும் ரெஃபரன்ஸ் பறிபோகும்.

கேள்வி: பட்டியலைச் சுற்றிவரும் லூப்பில் '_சேஃப்' மேக்ரோ இருக்கிறதே, நடுவில் பூட்டைத் திறக்கலாமா?

பதில்: கூடாது. அது அடுத்த உறுப்பின் பாயின்டரை முன்கூட்டி எடுத்துவைக்கிறது, அவ்வளவுதான். பூட்டு திறந்திருக்கும்போது அந்த உறுப்பையே இன்னொருவர் விடுவிக்கலாம். முதல் உறுப்பைக் கழற்றி, பூட்டைத் திறந்து, புட் செய்து, மீண்டும் பூட்டி, பட்டியல் காலியாகும்வரை தலையிலிருந்தே எடுங்கள்.

கேள்வி: படிப்பவர்கள் ஆர்சியூவில் (பூட்டில்லாமல் படிக்க விடும் கெர்னல் முறை) இருந்தால்?

பதில்: லிஸ்ட்_டெல்_ஆர்சியூ, பிறகு கேஃப்ரீ_ஆர்சியூ (ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் முடித்த பிறகே விடுவிப்பது). படிப்பவர் ரெஃபரன்ஸ் எடுப்பதானால் அன்லெஸ்_ஜீரோ கட்டாயம். லிஸ்ட்_டெல்_இனிட் இங்கே ஆகாது: கழற்றிய உறுப்பின் நெக்ஸ்ட் தன்னையே காட்டும், அதன்மேல் நிற்கும் படிப்பவர் லூப்பிலேயே மாட்டிக்கொள்வார்.

கேள்வி: ஊப்ஸில் (கெர்னலின் பிழை அறிக்கை) 'டெட்' என்று தொடங்கி 100-இல் முடியும் முகவரி வந்தால் என்ன பொருள்?

பதில்: 64-பிட் எக்ஸ்86-இல் லிஸ்ட்_டெல் நெக்ஸ்டில் எழுதும் நச்சு மதிப்பு (கழற்றிய உறுப்பைத் தவறாகத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் போலி முகவரி) அது, ப்ரீவில் எழுதுவது 122-இல் முடியும். ஏற்கெனவே கழற்றிய உறுப்பை மறுபடி கழற்றியிருக்கிறீர்கள், அல்லது அதன்வழியே நடந்திருக்கிறீர்கள். கான்ஃபிக்_டீபக்_லிஸ்டை (பட்டியல் பிழைகளைச் சோதிக்கும் கெர்னல் அமைப்பு) இயக்கி ஓட்டுங்கள். இரண்டாவது முறை கழற்றிய இடம் ஸ்டாக் ட்ரேஸிலேயே தெரியும்.