அந்தக் கழுத்தைத் தேய்க்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. இரண்டு வருடங்களில் நன்றாக உடம்பு போட்டுவிட்டான். பள்ளி விட்டு வந்ததும் பிஸ்கட், மிக்ஸர், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால், அப்புறம் செல்போன். பின்கழுத்து கருத்திருக்கிறது, தேய்த்துக் குளிப்பாட்டியும் போகவில்லை. கணவருக்கும் மாமனாருக்கும் சர்க்கரை நோய். இவனை எப்படித் திருத்துவது?

பதில்: முதலில் அந்தக் கழுத்து. அது அழுக்கு இல்லை, அம்மா. எடை கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடல் அதிகமாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின்தான் கழுத்திலும் அக்குளிலும் தோலைத் தடிக்க வைத்துக் கருக்கச் செய்கிறது. பெரும்பாலும் காரணம் இதுதான். தேய்த்தால் புண்தான் ஆகும். சர்க்கரை நோய் வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆனால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், திடீர் எடைக்குறைவு இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

பட்டினி மட்டும் போடாதீர்கள். வளரும் பிள்ளை, எடை ஏறாமல் நின்றாலே பல பிள்ளைகளுக்குப் போதும், உயரம் கூடும்போது சரியாகிவிடும்.

நாலு மணிப் பசி உண்மையான பசி. மதியச் சாப்பாடு பாதி டப்பாவிலேயே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்ததும் சுண்டல், அவித்த வேர்க்கடலை, முட்டை, கொய்யா என்று வயிறு நிறையக் கொடுங்கள். பழத்தை ஜூஸ் போடாமல் கடித்துத் தின்னட்டும். பாலில் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைத்தால் அவன் நாக்கு பழகிவிடும். மிக்ஸரை வாங்கி வைத்துவிட்டுத் தொடாதே என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? வாங்காதீர்கள். உங்கள் கணவருக்கும் அது ஆகாததுதானே! இவனுக்கென்று தனிச் சமையல் வேண்டாம், வீடே மாறட்டும்.

5 முதல் 17 வயது வரை தினமும் 60 நிமிடமாவது மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டாம். சைக்கிள், ஓடிப்பிடித்தல், அப்பாவோடு வேக நடை, எல்லாம் கணக்குத்தான். இரவு 9 மணி நேரத் தூக்கமாவது வேண்டும்; செல்போன் படுக்கைக்கு வரக்கூடாது.

‘குண்டு’ என்று யாரும் கேலி செய்ய விடாதீர்கள். அவமானப்பட்ட பிள்ளை ஒளித்து வைத்துத் தின்னும். மாமனாரிடமும் பேசுங்கள். பேரனுக்கு அவர் பாசமாக வாங்கி வரும் பாக்கெட்டுக்குப் பதிலாக, மாலையில் அவனோடு அரைமணி நேரம் நடந்து வரட்டும். அவர் சர்க்கரைக்கும் அது மருந்து.