ரெண்டு ரவுண்டில செத்த டிராகனுக்கு

தம்பி, நீங்கள் நடத்தின டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (D&D) கதை விளையாட்டில உங்கட அடல்ட் ரெட் டிராகன் ரெண்டு ரவுண்டில செத்துப்போச்சு எண்டு எழுதியிருந்தீங்கள், நிலத்தில நிண்டு அடிபட்டதுதான் பிரச்சினை. 2014 ரூல்ஸ்படி ஒரு டேர்னுக்கு 80 அடி பறக்கிற சீவன் ஏன் இறங்கவேணும்? மேலால வந்து 60 அடிக்கு நெருப்பை ஊதிப்போட்டுப் போகட்டும், மூச்சு திரும்ப வாறது டைசில 5, 6 விழுந்தால்தான், அந்த இடைவெளியிலதான் பிளேயர்ஸ் ஓடி ஒளிஞ்சு திட்டம் போடுவினம், ஆட்டமே அங்கதான் இருக்கு. லெஜன்டரி அக்‌ஷன் மூண்டையும் (மற்றவையின்ர டேர்ன் முடிய டிராகன் செய்யிற மேலதிக செயல்கள்) ஒவ்வொரு ரவுண்டும் பாவியுங்கோ, கனபேர் மறந்துவிடுறவை. அதைவிட முக்கியம், சண்டைக்கு முதலே டிராகனைக் கதைக்க விடுங்கோ. பனங்கூடலை எரிச்சுப்போட்டு ஊரிட்டக் கப்பம் கேட்கட்டும், ஒரு பிளேயரைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும். பாதி ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) போனால் தப்பிப் பறக்கட்டும், அடுத்த கிழமை கோபத்தோட வரும்.