கேப் வெர்டி: மழைக்கு ஏங்கும் பத்துத் தீவுகள்

பள்ளி ஆசிரியை ஒருவர்: ‘வெர்டி’ என்றால் பச்சை என்கிறார்கள். படங்களில் வெறும் பாறைதானே தெரிகிறது?

பதில்: அந்தப் பெயர் முதலில் இந்தத் தீவுகளுடையது அல்ல, டீச்சர். எதிர்க்கரையில், மேற்கு ஆப்பிரிக்காவின் இன்றைய செனகல் நாட்டில், கடலுக்குள் நீண்டிருக்கும் முனைக்குப் போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் அது. அங்கிருந்து மேற்கே சுமார் 570 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பத்துத் தீவுகளுக்கும் அதுவே நிலைத்துவிட்டது. சகாராவின் வறட்சி கடல் தாண்டி இங்கும் வருகிறது. ஆண்டில் சில வாரங்களே மழை. அதுவும் பொய்த்தால் விளைச்சல் இல்லை. 1940களின் பஞ்சங்களில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். இந்த நாட்டைப் புரிந்துகொள்ள மழையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கல்லூரி மாணவர் ஒருவர்: பூர்வகுடிகள் யார், ஐயா?

பதில்: யாரும் இல்லை, தம்பி. 15ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வந்தபோது ஆளில்லாத தீவுகள் இவை. 1462இல் சாந்தியாகு தீவில் ஊர் அமைத்து, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த மனிதர்களை விற்கும் சந்தையாக அதை வளர்த்தார்கள். இன்று சிடாடி வெல்யா எனப்படும் அந்த ஊரில், அடிமைகளைக் கட்டிவைத்துத் தண்டித்த கல்தூண் இன்னும் நிற்கிறது. இன்றைய மக்களில் பெரும்பாலோர் அந்த ஆப்பிரிக்கர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் பிறந்த வழித்தோன்றல்கள். ஆட்சிமொழி போர்ச்சுக்கீசியம், வீட்டிலும் தெருவிலும் போர்ச்சுக்கீசியமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த கிரியோல்.

அதே மாணவர்: விடுதலை எப்போது?

பதில்: 1975 ஜூலை 5. போராட்டத்தை வழிநடத்திய அமில்கார் கப்ரால் ஒரு வேளாண் பொறியாளர். அந்த நாளைக் காண அவர் இல்லை. 1973 ஜனவரியில் கொல்லப்பட்டார்.

இசை ஆர்வலர் ஒருவர்: கேப் வெர்டியின் மரபிசையான மோர்னா பாடல்களில் ஏன் அத்தனை ஏக்கம்?

பதில்: உள்நாட்டில் வாழ்வோர் சுமார் ஐந்து லட்சம். வெளிநாடுகளில் வாழும் கேப் வெர்டியர்கள் அதைவிட அதிகம். வறட்சி துரத்த, கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள். பிரிவின் வலியை அங்கே ‘சொடாடி’ என்கிறார்கள். மின்டெலோ நகரில் பிறந்து, வெறுங்காலோடு மேடையேறிய செசாரியா எவோரா அதை உலகெங்கும் பாடினார். அவர் 2011இல் மறைந்தார். மோர்னா 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு பாட்டையாவது கேளுங்கள், மொழி தெரியாமலே நெஞ்சு கனக்கும்.

பயணி ஒருவர்: ஒரு தீவுக்குத்தான் போக முடியும். எது?

பதில்: ஃபோகு. 2,829 மீட்டர் உயர எரிமலையின் அடிவாரப் பள்ளத்திலேயே ஊர்கள் உண்டு. 2014 நவம்பரில் எரிமலை வெடித்து, போர்டெலா, பங்காயெய்ரா என்ற இரண்டு ஊர்களை விழுங்கியது. மக்களோ திரும்பி வந்து, இறுகிய எரிமலைக் குழம்பின் மேலேயே வீடு கட்டினார்கள். சாம்பல் மண்ணில் திராட்சை வளர்க்கிறார்கள். அந்த வீடுகளில் விருந்தினர்க்கும் அறை கிடைக்கும், ஓரிரவாவது தங்குங்கள்.